அடியில் நாலு சீட்டு ஒட்டிய பாட்டில்

திறக்கவில்லை பெரியம்மா. மூடி மேல் அரக்கு அப்படியே இருக்கிறது. சத்தியமாக நான் ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை. பாட்டில் கிடைத்தது என்று அம்மா எழுதினதும் நீங்கள் முதலில் அதைத்தான் கேட்டிருந்தீர்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி முறையாக ஆரம்பிக்கிறேன். இல்லாவிட்டால் இரண்டு வருஷம் கிளாஸ்கோவில் காலேஜுக்கு அனுப்பியும் இவனுக்கு ஒரு லெட்டர் எழுதத் தெரியவில்லை என்று அம்மா தொடங்கிவிடுவாள்.

ஓர்வே தீவு, டிசம்பர் 31, 1993, மத்தியானம்.

நியூசிலாந்து டனீடனில் வசிக்கும், மதிப்புக்கும் அன்புக்கும் உரிய இஷ்பெல் பெரியம்மா அவர்களுக்கு, தங்கை மகன் ஸ்ட்ரூவன் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம். ஆடுகள் சுகம். கூரை சுகமில்லை. தாங்கள் மூட்டு வலி இல்லாமல் இருக்கவும், போன வருஷம் காலமான பெரியப்பாவின் ஆத்மா அமைதி அடையவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.

டார்க்கில் மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். போன லெட்டரிலும் கேட்டீர்கள், அதற்கு முந்தினதிலும் கேட்டீர்கள். இருமுகிறார். அவர் குன்றுக்கு அந்தப் பக்கம் இருமினால் எங்கள் கோழி இந்தப் பக்கம் முழித்துக்கொள்கிறது. நவம்பரில் பல் பிடுங்க அக்கரைக்கு, மல்லேக் போகிறேன் என்று கப்பலேறி இரண்டு நாள் காணாமல் போனார். அவர் வாயில் பிடுங்குவதற்குப் பல் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன், ஏனென்றால் சொந்தமே இல்லாமல், வாய்ப் பழக்கத்துக்கு நான் மாமா என்று கூப்பிடுகிற அவர்தான் இப்போது என் தலைவலி.

விஷயம் இதுதான். டார்க்கில் மாமா படகை விற்கிறார். ஏன் என்று கேட்டால் இருமுகிறார். மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மல்லேக்காரன் ஒருவன் காசை எண்ணி வைத்துக்கொண்டு நிற்கிறான். வருஷம் முடிகிற வரைக்கும் உனக்காகப் பொறுக்கிறேன், அதுக்கு மேல முடியாது என்று மாமா சொல்லிவிட்டார். பெரியம்மா, வகுப்பில் அரை மணி நேரம் என்னால் உட்கார முடியாது, அதனால்தான் படிப்பை விட்டேன், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆனால் நண்டுக்கூடு தூக்க அந்தப் படகில் போனால் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் ஜனவரி மூணாம் தேதி கிளாஸ்கோவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கப் போக வேண்டும். அம்மா துணியே மடித்து வைத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் அலமாரிக்குப் பின்னால் அந்த விஸ்கிப் பாட்டில் கண்ணில் பட்டது. போன புத்தாண்டுக்குக் கடைக்கார டொலீனாக்கா அம்மாவுக்குக் கொடுத்தது. நான் பட்டம் வாங்கும் அன்று திறக்கலாம் என்று அம்மா எடுத்து வைத்திருந்தாள், அதனால்தான் இன்னும் திறக்கவில்லை. லேபிளில் 1931 என்று போட்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பக்கமும் போட்டோ பிடித்து, கிளாஸ்கோவில் பழைய பொருள் ஏலம் போடும் பெட்டிக்ரூ என்பவருக்கு அனுப்பினேன். பத்தே நாளில் பதில் வந்தது. மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து நாலாயிரம் வரை போகுமாம்! நான் படிப்பை விட்டதால்தானே இது திறக்காமல் கிடந்தது, அப்படிப் பார்த்தால் இந்த மூவாயிரத்து ஐந்நூறு நான் சம்பாதித்ததுதானே என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கரண்டியை எடுத்தாள்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பெட்டிக்ரூவின் கடிதத்தில் விலை ஒரு வரிதான், மீதி மூன்று பக்கமும் பயமுறுத்தல். படுக்க வைக்கக் கூடாது, படுக்க வைத்தால் சரக்கு தக்கையைத் தின்றுவிடும். வெயில் படக் கூடாது. சூடு கூடாது. உள்ளே இருப்பது கழுத்தளவுக்கு இருக்க வேண்டும், தோளுக்கு இறங்கினால் பாதி விலை. லேபிளைத் தொடவே கூடாது. நான் கண்ணாடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். காலையில் பார்த்தால் கோட்டுக்குக் கீழே இருக்கிற மாதிரி இருந்தது. சாயங்காலம் பார்த்தால் மேலே இருக்கிற மாதிரி இருந்தது. ‘கண்ணாடிக்குள்ள அலை அடிக்குதாடா?’ என்று அம்மா கேட்டாள். மூன்றாம் நாள், பார்க்கும்போது நான்தான் தலையைச் சாய்க்கிறேன் என்று தெரிந்து, கழுத்தில் கட்டை வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். விஷயம் எப்படியோ வெளியே போய், வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் தீப்பெட்டி இருக்குமா, உப்பு இருக்குமா என்று வந்து, கண்ணை மட்டும் அலமாரிப் பக்கம் அனுப்பினார்கள். அதனால் பாட்டிலைக் கோழிக்கூண்டில் நிற்க வைத்து வைக்கோல் போட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அம்மாவின் செவலைக் கோழி அதை அடை காத்துக்கொண்டிருக்கிறது! சூடு கூடாது என்று எழுதியிருக்கிறாரே! கோழியைத் தூக்கினேன், அது என் கையைக் கொத்திற்று, பாட்டில் கதகதவென்று இருந்தது. திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

அங்கேதான் பெரிய இடி. உங்களுக்குத் தெரியாததா, வருஷக் கடைசியில் உங்கள் தங்கைக்குச் சாமி வந்த மாதிரிதான். அடுப்புச் சாம்பல் ஒரு பிடி இருக்கக் கூடாது, வீடு முழுக்கத் துடைக்க வேண்டும், யாரிடமாவது இரவல் வாங்கினது இருந்தால் ராத்திரி பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். முந்தாநாள் இரண்டு ஏணி, ஒரு வாணலி, அரைக் கிண்ணம் சர்க்கரை எல்லாம் போயிற்று. செத்துப்போன ஹெக்டரிடம் வாங்கின சுத்தியலைக் கொண்டுபோய் அவர் கல்லறை மேல் வைத்துவிட்டு வந்தாள். அந்த வேகத்தில் பாட்டிலையும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டாள். லேபிளில் இருந்த மான் தலையில் ஒரு கொம்பு போய்விட்டது.

‘ஐநூறு பவுண்டு போச்சும்மா!’ என்று கத்தினேன்.

‘தூசிக்கு யாருடா ஐநூறு பவுண்டு குடுப்பான்?’

‘அந்தத் தூசிக்குத்தாம்மா குடுக்கறான்!’

‘அப்ப உன் ரூமை வித்துடு, நாம அரண்மனை கட்டலாம்.’

சரி, கொம்பு போனாலும் மூவாயிரத்துக்குப் போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மல்லேக்காரனை விட ஐநூறு குறைத்து மாமாவிடம் கெஞ்சலாம். ஆனால் பெட்டிக்ரூ கடைசியாக ஒன்று கேட்டிருந்தார். பாட்டில் யார் யார் கை மாறி வந்தது, ஒவ்வொருவரும் மனமாரக் கொடுத்ததுதான் என்று கையெழுத்து வேண்டும். இது ஒன்றும் பெரிய வேலையாகத் தெரியவில்லை. ஏனென்றால் பாட்டிலின் அடியில், பரிசு கொடுக்கும்போது பேர் எழுதி ஒட்டுவோமே, அந்தச் சீட்டு ஒட்டியிருந்தது. ‘மைரேட்டுக்கு, அன்புடன் டொலீனா.’ கெட்டிலின் ஆவியில் காட்டி மெதுவாக உரித்தேன் (லேபிளுக்குத் துணி சுற்றியிருந்தேன், கவலைப்படாதீர்கள்). அதற்கு அடியில் இன்னொரு சீட்டு. ‘டொலீனாவுக்கு, மர்டோவின் வாழ்த்து, 1978.’ அதற்கு அடியில், ‘மர்டோவுக்கு, டார்க்கில், 1956.’ அதற்கும் அடியில் நாலாவதாகப் பழுப்பாக ஒன்று. அதற்கு வருகிறேன்.

பெரியம்மா, வந்த பரிசை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் தள்ளிவிட்டேன் என்று ஒருத்தர் வாயால் சொல்ல வைக்க வேண்டுமென்றால் ராணுவம் வர வேண்டும். டொலீனாக்காவிடம் முதலில் போனேன். கல்லாவுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றாள்.

‘மர்டோவா? எனக்கா? அந்த ஆள் எனக்குக் குடுத்தது வாழ்க்கையில ஒரே ஒரு முட்டைக்கோசு. இது நான் கைக்காசு போட்டு உங்கம்மாவுக்காகவே வரவழைச்சது.’

சீட்டைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள், போட்டாள், திரும்பத் துடைத்தாள்.

‘பெரிய மனுஷங்க யாராவது வந்தா திறக்கலாம்னு வச்சிருந்தேன். பதினாலு வருஷத்துல அப்படி ஒருத்தரும் இந்தத் தீவுக்கு வரல. அது என் தப்பா?’

‘தப்புன்னு யாருக்கா சொன்னா? எங்கம்மாவுக்கு மனசாரக் குடுத்தேன்னு ஒரு கையெழுத்துப் போடு, போதும்.’

‘நான் பாட்டிலைத்தான்டா குடுத்தேன். மூவாயிரத்தைக் குடுக்கலையே?’

ஒரு மணி நேரம் பேசி, அவள் கடை வாசல் பனியை மார்ச் வரைக்கும் நான் தள்ளுவதாக ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்து விழுந்தது. அடுத்தது மர்டோ தாத்தா. எண்பத்துநாலு வயது, உதட்டில் சொட்டு மது பட்டதில்லை, அதற்காக மல்லேக்கில் பதக்கமே கொடுத்திருக்கிறார்கள். அது சுவரில் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார்:

‘டார்க்கில் குடுத்த பாட்டிலா? அதை அன்னிக்கே குடிச்சிட்டேன்.’

‘தாத்தா, நீங்க குடிக்க மாட்டீங்களே!’

‘அன்னிக்குக் குடிச்சேன். முழுசும். நின்னுக்கிட்டே.’

‘அந்தப் பாட்டில் இதோ என் பைக்குள்ள இருக்கு தாத்தா.’

‘அப்ப வேற பாட்டில். போதையில எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?’

குடிகாரன் என்று பேர் வாங்கினாலும் வாங்குவாராம், பரிசைத் தள்ளிவிட்டவன் என்று டார்க்கில் காதில் விழக் கூடாதாம். கடைசியில், டார்க்கிலுக்குச் சொல்ல மாட்டேன் என்று பைபிள் மேல் என் கையை வைத்து அழுத்திய பிறகு ஒரு கீறல் கீறினார். அது கையெழுத்தா, கை நடுங்கியதா என்று தெரியவில்லை.

நேற்று காலை டார்க்கில் மாமா வீடு. நாலாவது சீட்டில் பேர் இல்லை, தேதி இல்லை. ‘பத்திரம். வந்து எடுத்துக்கறேன். இ.’ இவ்வளவுதான். மாமா வாசலில் நின்றபடியே அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகு நேரம் பார்த்தார். இருமவே இல்லை.

‘எங்கேர்ந்துடா எடுத்த?’

‘அடியிலேர்ந்து. இ யாரு மாமா?’

‘உங்க பெரியம்மா. ஐம்பத்து மூணுல கப்பலேறினாளே, அன்னிக்கு. அவ பிறந்தப்ப உங்க தாத்தா அவ கல்யாணத்துக்குன்னு வாங்கி வச்ச பாட்டில் அது. எனக்குக் குடுக்கல. வச்சிருக்கச் சொன்னா.’

‘அப்ப நீங்க எதுக்கு மர்டோ தாத்தாவுக்குக் குடுத்தீங்க?’

‘அவளுக்குக் கல்யாணம் ஆச்சுன்னு தந்தி வந்துச்சு.’

‘அதுக்கும் பாட்டிலுக்கும் என்ன சம்பந்தம்?’

அளவு பத்தாத நண்டைத் திருப்பிக் கடலில் வீசுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார். கையெழுத்தும் இல்லை, சீட்டும் திரும்பி வரவில்லை. நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ‘அப்ப அது அக்காவோட பொருள். இரவல். யார் பொருளோ ஒண்ணை வீட்ல வச்சிக்கிட்டு நான் வருஷத்தைத் தாண்ட மாட்டேன்’ என்று எழுந்து நின்றுவிட்டாள். அக்கா பூமிக்கு அடுத்த பக்கம் இருக்கிறாளே, எப்படித் திருப்பித் தருவது என்றால், ‘ஹெக்டர் மட்டும் பக்கத்திலயா இருந்தான்?’ என்கிறாள். உங்கள் ஊரில் இந்நேரம் புது வருஷமே பிறந்துவிட்டது, எப்படியும் நாம் தாமதம்தான் என்றும் சொல்லிப் பார்த்தேன். நம்ம வீட்டு மணிதான் கணக்காம்.

போன் பண்ணலாம் என்றால் போன் டொலீனாக்கா கடையில் இருக்கிறது. நான் ஒரு பக்கம் பேசினால் அவள் மறுபக்கம் விலை பேசுவாள். தபாலில் போட்டாலும் அவள் கைக்குத்தான் போக வேண்டும், அவளிடமும் கெட்டில் இருக்கிறது. ஆனால் வேறு வழியில்லை. ஆகவே பெரியம்மா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ‘அந்தப் பாட்டிலை நான் மனமார டார்க்கிலுக்கே கொடுத்தேன், திரும்பக் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன்.’ தேதி டிசம்பர் 30 என்று போடவும். முடிந்தால் கொஞ்சம் பழைய மை. அது வருகிற வரைக்கும் அம்மாவிடமும் மாமாவிடமும் மல்லேக்காரனிடமும் இருபது நாள் கெஞ்சி வாங்கிவிடுவேன். நீங்கள் உண்மையில் அப்படி நினைத்தீர்களா, நினைக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது, நாற்பது வருஷத்துக்கு முந்தின விஷயம், உங்களுக்கே ஞாபகம் இருக்காது. ஒரு வரிதான். நான் பெட்டி தூக்கப் போனால் ஒரு மாதத்தில் ஓடி வந்துவிடுவேன், அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், துணியை மடிக்கிற அம்மாவுக்கும் தெரியும்.

உங்கள் பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் என் அன்பு. உங்கள் ஊர் ஆடுகளுக்கு எங்கள் ஆடுகளின் விசாரிப்பு. புது வருஷம் உங்கள் அடுப்பை அணையாமலும், உங்கள் வாசலை வெறுமையாக விடாமலும் வைத்திருக்கட்டும் என்று அம்மா வாழ்த்துகிறாள். நானும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலையே நம்பியிருக்கும்,
ஸ்ட்ரூவன்

பி.கு.: அந்த வரியை எழுத வேண்டாம் பெரியம்மா! மேலே எழுதினது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது டார்க்கில் மாமா வந்துவிட்டார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற அந்தக் கறுப்புக் கோட்டு, கையில் பெட்டி. தாடியை எடுத்துவிட்டார், உள்ளே இவ்வளவு சின்ன முகம் இருந்தது யாருக்கும் தெரியாது.

‘பாட்டிலைக் குடு. படகை எடுத்துக்கோ’ என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா மட்டும் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

‘என்னை நம்பிக் குடுத்தது. நான்தான் திருப்பித் தரணும். மணி அடிக்கறப்ப அது வழியில இருந்தா போதும்’ என்றார். பல் பிடுங்கப் போன அன்றைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். பாஸ்போர்ட் ஆறு மாசமாகத் தேயிலை டப்பாவில் இருந்ததாம். அப்படியானால் படகை விற்கிற காசு வேண்டாமா மாமா என்று கேட்டேன், கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ‘போற காசு என்கிட்ட இருக்கு. படகை விக்க நினைச்சது திரும்பி வர்ற காசுக்கு. நேத்து அந்தச் சீட்டைப் பார்த்தப்புறம் அது எதுக்குன்னு தோணிச்சு’ என்றார்.

பாட்டில் உங்களுடையது, போவது அவர், படகு எனக்கு. கணக்கு எங்கேயோ உதைக்கிறது, ஆனால் நான் கேட்கப் போவதில்லை. ஒரு கொம்பு போன மானுக்கு அம்மா ஒரு மணி நேரமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ‘அவ மானைப் பார்க்க மாட்டா’ என்கிறார் இவர்.

இந்த லெட்டரையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், டொலீனாக்கா கெட்டிலுக்குத் தப்ப இதுதான் வழி. கவர் வாய் சுருங்கியிருந்தால் வழியில் அவர் படிச்சுட்டார்னு அர்த்தம். மர்டோ தாத்தா விஷயம் தெரிஞ்சுபோகும், அதுக்கு நான் பொறுப்பில்லை.

ஒண்ணே ஒண்ணு. வருஷத்துல முதல்ல வாசப்படி தாண்டற ஆளுக்குக் கறுப்பு முடி இருக்கணும், இல்லேன்னா அந்த வீட்டுக்கு ஆகாதுன்னு உங்களுக்கும் தெரியும். இவருக்கு ஒரு முடிகூட கறுப்பு இல்லை. அதனால தலை முழுக்க ஷூ பாலிஷ் தடவியிருக்கார். பளபளன்னு இருக்கு. வெளியில மழை பிடிச்சிருக்கு. அவருக்கு முன்னாடி வேற யாராவது உள்ள வந்திருந்தா கணக்குல எடுக்காதீங்க, அவரை உள்ள விடறதுக்கு முன்னாடி வாசல்ல ஒரு பழைய துண்டு வச்சிருங்க, நல்ல தலையணை எதையும் குடுத்துடாதீங்க. இருமல் பத்தி இனி என்னைக் கேட்க வேண்டாம், நீங்களே கேட்டுக்கலாம். இவரை இனிமே மாமான்னே கூப்பிடறதா, வேற மாதிரி கூப்பிடறதா, அதை மட்டும் பதில்ல எழுதுங்க.

கப்பல் ஊதிட்டான். பெட்டியை நான்தான் தூக்கணும், பாட்டிலை யாரையும் தொட விடமாட்டேங்கறார். நான் போகணும் இப்ப